ஆலைப் பெண்களின் காணிக்கை

இலக்கியம் ஓய்வின் பயன் என்பர். நாள்தோறும் 12 மணிநேரத்துக்கும் மேலாகத் தறியின் முன் நின்ற பெண்கள் ஒரு சஞ்சிகையை எழுதி நிரப்பினர் எனின், அக்கொள்கை மீளாய்வுக்குரியதாகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் லோவெல் நகரில் 1840 முதல் 1845 வரை வெளிவந்த ‘லோவெல் காணிக்கை’ அத்தகையதொரு சஞ்சிகையாகும்.

மசாச்சூசெற்ஸ் மாநிலத்தில் மெரிமாக் ஆற்று வீழ்ச்சியை அண்டி எழுந்த லோவெல், 1826இல் பட்டினமாகவும் 1836இல் மாநகராகவும் உயர்ந்தது. நீர்வலியால் இயங்கிய அதன் பருத்தி ஆலைகளுக்கு நியூ இங்கிலாந்துக் கமக்காரரின் புதல்வியர் திரண்டு வந்தனர். அவர்கள் கொம்பனியாரின் விடுதிகளில் உறைந்தனர். எழுதலும் உண்ணலும் ஆலை மணியோசைப்படியே நிகழ்ந்தன. இரவு 10 மணிக்குக் கதவடைக்கப்பட்டது. ஞாயிறு வழிபாடு கட்டாயமாயிருந்தது. ஆயினும், கண்காணிப்புக்கென அமைந்த அவ்விடுதிகளே தோழமைக்கும் நிலைக்களனாயின. ஒருத்தி வாங்கிய நூலைப் பலர் படித்தனர். தேவாலயம் சார்ந்த கழகங்களில் தாம் எழுதியவற்றை வாசித்துக் காட்டினர். ஏபெல் தோமஸ் என்னும் போதகர் அவற்றை அச்சேற்றத் தொடங்கினார். 1842இல் ஆலைத் தொழிலறிந்த ஹரியற் பார்லி, ஹரியற் கேட்டிஸ் ஆகிய இருவரும் ஆசிரியப் பொறுப்பை ஏற்றனர். அவ்வாண்டில் லோவெலுக்குச் சென்ற சாள்ஸ் டிக்கன்ஸ், சஞ்சிகையின் ஏறத்தாழ 400 பக்கங்களைப் படித்துப் பாராட்டினார்.

அப்பாராட்டு தகுமா? கிராமத்து நினைவுகள், கதைகள், கவிதைகள், கடிதங்கள் என விரியும் அப்பக்கங்களிற் சில இன்றும் உயிருள்ளவை. 1844இல் வெளிவந்த ‘சூசனின் கடிதங்கள்’ ஆலையை விட்டு நீங்கிய பின்னரும் அதன் இரைச்சல் செவியை விட்டு நீங்காமையை நுட்பமாய்ச் சித்திரிக்கின்றன. எனினும், 1834இல் கூலிக் குறைப்பையும் 1836இல் விடுதிக் கட்டண உயர்வையும் எதிர்த்து வேலைநிறுத்தஞ் செய்த பெண்களின் சினத்துக்கு அங்கே இடம் அரிது. கூலியையும் நேரத்தையும் பற்றிய வாதங்களைச் சஞ்சிகை பெரும்பாலும் ஒதுக்கியே வந்தது.

இக்குறையை வெளிப்படக் கூறியவர் சாரா பாக்லி. 1840இல் அதே சஞ்சிகையில் தொழிற்சாலை வாழ்வின் இன்பங்களை வரைந்தவர் அவர். 1845இல் பெண் தொழிலாளர் சீர்திருத்தச் சங்கத் தலைவியாய் நின்று, சஞ்சிகை முதலாளிகளின் ஊதுகுழலாயிற்று எனக் குற்றஞ்சாட்டினார். பார்லி அதனை மறுத்தார். பத்துமணி வேலைநாள் வேண்டி அவ்வாண்டில் மாநிலச் சட்டசபைக் குழுவின் முன் பாக்லி சாட்சியம் அளித்தார். குழு குறைகளை உணர்ந்தும் சட்டமியற்ற முன்வரவில்லை. பெண்களுக்கும் சிறுவர்க்குமான பத்துமணிச் சட்டம் அம்மாநிலத்தில் 1874இலேயே நிறைவேறிற்று.

பார்லியைப் பொய்யுரைத்தவரெனத் தள்ளுதல் நேர்மையன்று. ஆலைப் பெண் அறிவிலி அல்லள் என்பதை உலகுக்கு நிறுவுதலே அவர் நோக்கம், அது நிறைவேறிற்று. ஆனால், மதிப்பைக் காக்க முனைந்த எழுத்து வருத்தத்தை மறைக்கவும் நேர்ந்தது. பெண்கள் இத்துணை நன்றாக எழுதுகின்றனரெனின் அவர்க்குக் குறையென்ன என ஆலையுடையோர் கேட்க அதுவே வாய்ப்பளித்தது. சஞ்சிகையை ஈன்றதும் வேலைநிறுத்தத்தை ஈன்றதும் ஒரே விடுதி வாழ்க்கையே. ஆதலின் ‘காணிக்கை’யைப் படிப்போர், அது கூறியதோடு கூறாது விட்டதையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்கின், அச்சஞ்சிகையின் மௌனமும் அந்நகரின் வரலாற்றுக்கு ஒரு சான்றாதல் புலனாகும்.