ஆறடிப் படுக்கையில் ஒரு கவிஞர்

ஹைக்கூக் கவிதைக்குப் புத்துயிரளித்த ஜப்பானியக் கவிஞர் மசாவோகா ஷிகி, முதுகெலும்புக் காசநோயால் படுத்த படுக்கையாய்க் கிடந்து எழுதிய கட்டுரைத் தொடர் 'ஆறடி நோய்ப்படுக்கை'. 1902 மே 5 முதல் செப்டம்பர் 17 வரை, 'நிப்போன்' நாளிதழில் 127 பகுதிகளாக வெளிவந்தது. செப்டம்பர் 19இல் அவர் மறைந்தார், வயது 34.

நோயாளரின் எழுத்தென்றால் புலம்பலையோ வேதாந்தத்தையோ எதிர்பார்ப்பது இயல்பு. இத்தொடர் இரண்டுமன்று. வலியால் அலறியதை ஷிகி மறைக்கவில்லை. வலி தணிந்ததும் ஓவியம், உணவு, செடிகொடி என்று பேசத் தொடங்கிவிடுகிறார். அமைதியாகச் சாவதே ஞானம் என்று எண்ணியிருந்தவர், எந்நிலையிலும் அமைதியாக வாழ்வதே ஞானம் என்று தெளிகிறார். தொடரின் உயிர்நிலை இதுவே.

அவ்வாழ்வுக்குப் பற்றுக்கோடு எது? அன்றாடக் கடமை. அவர் உடல்நிலைக்கு இரங்கி இதழார் ஒருநாள் பகுதியை நிறுத்தியபோது, தம் உயிரே அதில்தான் உள்ளது என்று மடல் எழுதி முறையிட்டார்.

குறையும் உண்டு. நோயாளியின் மனமறிந்து நடப்பதே சிறந்த பணிவிடை என்று இத்தொடரில் வற்புறுத்துபவர், தமக்குப் பணிவிடை செய்த தங்கை ரித்சுவை இரக்கமற்றவள் என்று 1901இல் தொடங்கிய தனிக்குறிப்பேட்டில் சாடுகிறார். அவளின்றித் தமக்கு வாழ்வில்லை என்று ஒப்புவதும் அக்குறிப்பேட்டிலேதான்.

இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். ஆறடிப் படுக்கையில் அவர் வாழ்வு பொருளுடையதாயிற்று எனில், நாள்தோறும் அவர் புண்களுக்குக் கட்டு மாற்றிய கைகளுக்கும் அதில் பங்குண்டு.