பெட்ரோல் டாங்கைத் தாங்கும் கலை

பழைய மோட்டார் வண்டிகளைப் புதுப்பிக்கும் கலையில் ஈடுபாடு கொண்டவர்கள் ஒரு வண்டியைப் பார்க்கப் போனால், வர்ணத்தின் பளபளப்பையும், குரோமியப் பூச்சின் தெளிவையும், தோல் ஆசனத்தின் தையல் நேர்த்தியையும் மெச்சி, எஞ்சின் மூடியைத் திறந்து அதைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திருப்தியோடு திரும்பிவிடுகிறார்கள். அவர்களுள் விஷயம் தெரிந்த சிலரோ, வேஷ்டி அழுக்காவதையும் பொருட்படுத்தாமல் தரையில் முழங்காலிட்டு, டிக்கிக்கு அடியில் டார்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சி, பெட்ரோல் டாங்க் எவ்விதம் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறார்கள். அந்த ஒரு பார்வையிலேயே புதுப்பித்தவருடைய தராதரம் விளங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

வண்டியின் மற்ற அங்கங்கள் புறப்பட்டபோது இருந்த எடையோடுதான் ஊர் போய்ச் சேருகின்றன. டாங்க் மட்டும் மைலுக்கு மைல் இளைத்துக்கொண்டே போகிறது. பன்னிரண்டு ஆங்கிலேயக் காலன், அதாவது சுமார் 54 லிட்டர் பிடிக்கிற டாங்கை நிரப்பினால், பெட்ரோல் மாத்திரமே ஏறக்குறைய 40 கிலோ. அது சாது வஸ்துவும் அன்று. பிரேக் போட்டால் முன்னே பாய்ந்து, திருப்பத்தில் பக்கவாட்டில் மோதி, மேடு பள்ளத்தில் துள்ளி விழுகிறது. உள்ளே துவாரமிட்ட தடுப்புத் தகடுகள் அந்த அலையின் வேகத்தைத் தணிக்கின்றனவே தவிர, அடியோடு நிறுத்திவிடுவதில்லை. நிலையான பாரத்தைத் தாங்கப் பலம் போதும். கணந்தோறும் மாறுகிற பாரத்தைத் தாங்குவதற்குப் பலத்தோடு விவேகமும் வேண்டியிருக்கிறது. இந்த வேலையின் ரசனையெல்லாம் அந்த விவேகத்தில்தான் அடங்கியிருக்கிறது.

டாங்குக்கு இடம் தேடுவதிலேயே ஆதிகால நிபுணர்கள் வெகுவாகச் சிந்தித்திருக்கிறார்கள். 1908 முதல் 1927 வரை போர்டு கம்பெனியார் செய்த ‘மாடல் டி’ வண்டிகள் பெரும்பாலானவற்றில் அது முன் ஆசனத்துக்கு அடியில் இருந்தது. பம்ப் இல்லாமையால் பெட்ரோல் தானாகவே கார்புரேட்டருக்கு இறங்கியாக வேண்டும். ஆகவே டாங்கில் சரக்கு குறைந்த வேளையில் செங்குத்தான மேடு எதிர்ப்பட்டால், வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே ஏற்றினார்கள். அடுத்து வந்த ‘மாடல் ஏ’யில் டாங்க் முன் கண்ணாடிக்குக் கீழே உடற்கூட்டின் ஒரு பகுதியாகவே அமைந்தது. 1964-ல் அறிமுகமான மஸ்டாங்கிலோ, டாங்கின் மேற்புறமே டிக்கியின் தரையாகவும் வேலை செய்தது.

ஆயினும் பொருத்தும் கலையின் நுட்பத்தை அனுபவிக்க விரும்புகிறவர், இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை உருவான ‘எம்.ஜி.பி.’ வண்டியைப் பார்க்க வேண்டும். ஆரம்ப வருஷங்களில் பத்துக் காலன் டாங்கை இரண்டு எஃகுப் பட்டைகள் டிக்கித் தரைக்கு அடியில் ஏந்திக்கொண்டிருந்தன. 1965-ல் வந்த பன்னிரண்டு காலன் டாங்க், பட்டைகளை விடுத்து, தன் விளிம்பிலேயே போல்ட்டுகளால் தொங்கலாயிற்று.

பட்டை என்பது பார்வைக்கு எளியது. பொருத்தும்போதுதான் அதன் கஷ்டம் தெரியும். தளர்வாக விட்டால் டாங்க் நூலிழை அளவு அசைந்து அசைந்து, முதலில் வர்ணத்தையும் பிறகு தகட்டையும் தேய்த்துவிடும். அளவு மீறி முறுக்கினால் தகடு நசுங்கி, ஓரத்து மூட்டில் வெடிப்புக் கண்டு, ஒருநாள் கசியத் தொடங்கும். கைதேர்ந்த மெக்கானிக், ஒரு பட்டையை முற்றிலும் இறுக்கிவிட்டு மற்றதற்குப் போவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையைச் சுற்றிலும் தட்டிச் சுருதியைச் சமப்படுத்தும் வித்துவானைப் போல, இரண்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கி, இடையிலுள்ள ரப்பர் அழுந்தி, ஆனால் சப்பையாகிவிடாமல், இன்னும் கொஞ்சம் உயிரோடிருக்கும் நிலையில் கையை எடுத்துவிடுகிறார். நட்டு கழன்றுவிடுமோ என்ற பயத்தை அவர் மேலும் முறுக்கித் தீர்த்துக்கொள்வதில்லை. தானே பூட்டிக்கொள்ளும் நட்டை உபயோகித்துத் தீர்த்துக்கொள்கிறார்.

பட்டைக்கும் டாங்குக்கும் நடுவே எதை வைப்பது என்பதிலும் தரம் தெரியும். கம்பளி நமுதா மிருதுவானதுதான். ஆனால் மழைநீரைக் குடித்து, மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு, தான் காக்க வேண்டிய தகட்டையே துருப்பிடிக்கச் செய்துவிடும். நீரை உறிஞ்சாத ரப்பரே உத்தமம். எம்.ஜி.பி.யின் டாங்க் பெரும்பாலும் அடியில் கெடுவதில்லை. சக்கரம் வாரியடிக்கும் சேறு டாங்கின் மேற்புறத்துக்கும் டிக்கித் தரைக்கும் நடுவே தங்கி, ஈரம் காக்க, மேலிருந்தே அரித்துப் போகிறது. இதை அறிந்தவர் அந்த இடைவெளியின் ஓரங்களை அடைத்த பிறகே டாங்கை ஏற்றுவார். டாங்கை முழுவதும் ரப்பரில் உட்காரவைத்தால் உடற்கூட்டோடு அதற்குள்ள மின்தொடர்பு அறுந்து, பெட்ரோல் அளவு காட்டும் முள் பொய் சொல்லக்கூடும் என்பதும் அவருக்குத் தெரியும்; ஆதலால் தனியாக ஓர் ‘எர்த்’ கம்பியை மறவாமல் இணைப்பார்.

ஏற்றுகிற கிரமமும் ரசிக்கத்தக்கது. எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் விரலாலேயே மாட்டி, டாங்கைத் தளர்வாகத் தொங்கவிட்டு, பெட்ரோல் ஊற்றும் குழாய் வலிந்து வளையாமல் தன் துவாரத்தோடு தானே நேர்ப்படும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகே ஸ்பானர் வெளியே வரும். எஞ்சினுக்குப் போகும் உலோகக் குழாயும் டாங்கோடு நேராகப் பிணைக்கப்படாமல், நடுவே வளையும் ஹோஸ் ஒன்று இருக்கும். டாங்கின் சிறு அசைவை அது ஏற்றுக்கொள்வதால் குழாய் களைத்து முறிவதில்லை.

எந்த டாங்கும் சாசுவதமன்று. என்றேனும் ஒருநாள் அது கீழே இறங்கியே தீரும். முன்யோசனை இல்லாதவர் மாட்டிய போல்ட்டுகள் அன்று துருவோடு துருவாகி முறிந்து, டிக்கித் தரையையும் கிழித்துக்கொண்டு வரும். நல்ல தொழிலாளி மாட்டியவையோ, மரைகளில் அவர் தடவிய கிரீஸின் புண்ணியத்தால், வருஷங்கள் கழிந்தும் ஸ்பானருக்கு இணங்கிச் சுழலும். கண்காட்சிகளில் நடுவர்கள் வழங்கும் மதிப்பெண்களைக் காட்டிலும், முன்பின் அறியாத வேறொரு மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்தபடி, ‘இதை மாட்டியவன் வேலை தெரிந்தவன்’ என்று சொல்லும் அந்த வார்த்தையையே நான் உயர்ந்த விருதாகக் கருதுவேன்.