அமீனாவின் இரண்டணா

டில்லியில் வளரும் நம் குழந்தைகள் இந்திப் பாடத்தில் படிக்கும் கதைகளுள் அவர்தம் நெஞ்சில் நெடுநாள் தங்கிவிடுவது பிரேம்சந்தின் 'ஈத்கா'. 1933-ஆம் ஆண்டில் வெளிவந்த அச்சிறுகதையின் பொருள் எளியது. தாய் தந்தையரை இழந்த நாலைந்து வயதுச் சிறுவன் ஹாமித், நோன்புப் பெருநாளன்று ஊராரோடு தொழுகைத் திடலுக்குச் செல்கிறான். உடன் வந்த சிறுவர் பொம்மைகளும் மிட்டாய்களும் வாங்க, அவன் தன் கையிலிருந்த மூன்று பைசாவையும் கொடுத்துப் பாட்டி அமீனாவுக்கு ஓர் இரும்பு இடுக்கி வாங்கி வருகிறான். ரொட்டியைத் தவாவிலிருந்து எடுக்கும்போதெல்லாம் அவள் விரல் சுடுகிறதல்லவா?

இதனைத் 'தியாகம்' என்ற ஒரு சொல்லில் அடக்கித் தேர்வுக்கு விடை எழுதப் பழக்குகின்றன குறிப்பு நூல்கள். பெற்றோராகிய நாமும் அதனையே சொல்லிக் கொடுத்து அமைகிறோம். அது கதைக்கும் தீங்கு, கதையில் நடமாடும் மக்களுக்கும் தீங்கு என்பது நம் துணிபு. இசுலாமியர் இல்லத்தில் நோன்பும் தொழுகையும் கொடையும் அன்றாடச் செலவோடும் அடுப்போடும் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதைப் பைசாக் கணக்கோடு சொல்லும் கதை இது. அக்கண் கொண்டு படித்தால், பலகாலும் படித்த கதையிலும் புதியன தோன்றும்.

கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். அமீனா ஒருத்தியின் துணிகளைத் தைத்துக் கொடுத்து எட்டணா பெற்றாள். பெருநாளுக்கென்று அதனைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்து வைத்திருந்தாள். முதல்நாள் பால்காரி வந்து கழுத்தைப் பிடித்தாள். ஹாமிதுக்கு வேறொன்றும் இல்லையாயினும் பால் வேண்டுமே. அந்தக் கடன் தீர்ந்தது. எஞ்சியது இரண்டணா. அதில் மூன்று பைசா ஹாமிதின் சட்டைப்பையில், ஐந்து பைசா அமீனாவின் சுருக்குப்பையில். நம் பாட்டிமார் வாய்ப்பாட்டில் சொன்னால் முக்காலணா பேரனுக்கு, ஒன்றேகாலணா குடும்பத்துக்கு. இந்த ஒன்றேகாலணாவில்தான் பெருநாள் நடக்கவேண்டும்; சேமியா காயவேண்டும்; சலவைக்காரி, நாவிதர் வீட்டுப் பெண், துப்புரவுக்காரி, வளையல்காரி ஆகிய அனைவரும் வருவர்; ஒருவருக்கும் இல்லையென்று முகத்தைத் திருப்ப முடியாது. ஆண்டில் ஒருநாள் அல்லவா?

ஈண்டுச் சற்றே நிற்பது நன்று. இசுலாத்தின் ஐந்து கடமைகளுள் ஒன்று ஜகாத். தேவைக்கு மேல் குறித்த அளவு செல்வம் ஓராண்டு தங்கியிருப்பின் அதில் நாற்பதில் ஒரு பங்கை உரியவர்க்குக் கொடுத்துவிடவேண்டும். இஃதன்றி, நோன்பு முடியும்போது பெருநாள் தொழுகைக்கு முன்னரே தலைக்கு இவ்வளவு தானியம் என்று ஏழைகளுக்கு வழங்கும் ஃபித்ராவும் உண்டு. அந்த ஒரு நாளேனும் எவரும் கையேந்தி நிற்றலாகாது என்பதே அதன் கருத்து. இவ்விதிகளின்படி நோக்கினால் அமீனா பெறவேண்டியவள். ஊர் வழக்கின்படியோ அவள் கொடுக்கவேண்டியவள். வீட்டில் தானியமணி ஒன்றுமில்லை என்று அன்று காலையில் உள்ளறையில் அமர்ந்து அழுதவள், மாலையில் நால்வர்க்குச் சேமியா அளக்கவேண்டும். ஃபித்ராவைப் பிரேம்சந்த் கதைக்குள் கொண்டுவரவில்லை. அதனைக் குறையாகவும் கொள்ளலாம். ஆயினும் எவர் வீட்டிலிருந்தும் அமீனாவுக்கு ஒருபடி தானியம் வந்ததாகச் சொல்லாமல் விட்டதே அவ்வூரைப் பற்றிய ஒரு தீர்ப்பாக நமக்குப் படுகிறது.

ஆசிரியர் இசுலாமியர் அல்லர். தன்பத் ராய் என்னும் இயற்பெயருடைய காயஸ்தர். காசிக்கு அருகேயுள்ள லம்ஹியில் பிறந்தவர். இளமையில் மௌல்வி ஒருவரிடம் உருதுவும் பாரசீகமும் கற்றவர். உருதுவில் எழுதத் தொடங்கிப் பின்னர் இந்திக்கு வந்தவர். எனவே பழக்கவழக்கங்களில் அவர் இடறுவதில்லை. சிறுவர்களுள் ஒருவன் ஒரேயொரு நோன்பு வைத்தான், அதுவும் நண்பகல்வரை என்று போகிறபோக்கில் சொல்லிச் செல்கிறாரே, அதில் எவ்வளவு வீட்டுப் பழக்கம் அடங்கியிருக்கிறது! பருவமெய்தாத பிள்ளைகளுக்கு நோன்பு கடமையன்று. பெரியவர்களைப் பார்த்து அவர்களே ஆசைப்பட்டு வைப்பர். நண்பகலில் வாடிய முகத்தைக் கண்டு தாய்மார் வலிய உண்ணச் செய்வர். ஏகாதசிக்குப் பட்டினியிருப்பேன் என்று அடம்பிடித்து, பத்து மணிக்கே சமையலறையைச் சுற்றிவரும் பிள்ளைகளை நாமும் அறிவோம்.

திடல் காட்சி யாவரும் புகழ்வது. மேலே அடர்ந்த புளியமரங்களின் நிழல். கீழே தளவரிசை, அதன்மேல் விரிப்பு. மூன்று கோசு தூரம், ஏறத்தாழ ஆறு மைல், நடந்துவந்த சிற்றூரார் ஒளுச் செய்து கடைசி வரிசையில் நிற்கின்றனர். பின்னால் வருபவர் பின்னால் நிற்பதே முறை. செல்வமும் பதவியும் அங்கே கேட்கப்படுவதில்லை. இலட்சக்கணக்கான தலைகள் ஒருசேரத் தாழ்கின்றன, ஒருசேர நிமிர்கின்றன. பிரேம்சந்தின் நடை இவ்விடத்தில் உயர்ந்து செல்கிறது. படிப்பவர் உள்ளமும் உடன் உயர்கிறது.

எனினும் இது வெளியே நின்று காண்பவரின் காட்சி என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தொழுகிறவர் வரிசையைக் காண்பதில்லை. தம் நெற்றி படப்போகும் ஒரு சாண் இடத்தையே காண்கிறார். மேலும் பெருநாள் தொழுகை ஆண்டில் இருமுறை வருவது. அதற்குப் பாங்கு இல்லை; ரக்அத்தும் இரண்டே. வாழ்வை ஆளுவது நாள்தோறும் வரும் ஐவேளைத் தொழுகை. விடியுமுன் தண்ணீரில் கைகால் கழுவ எழுவதும், கடையில் வாடிக்கையாளர் நிற்கும்போதே லுஹர் நேரம் வந்துவிடுவதும், கதிர் சாய்ந்தவுடன் மஃரிபுக்கு விரைவதும் அதன் இயல்பு. இந்தச் சின்னஞ்சிறு இடையூறுகளில்தான் ஒருவரது சமயம் தங்கியிருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்திலிருந்து டில்லிக்கு வந்த தமிழ் முசுலிம்கள் ஷாஃபி வழியினர். இவ்வூர்ப் பள்ளிகளோ பெரும்பாலும் ஹனஃபி வழியின. பொருளின் நிழல் அதன் நீளத்தளவு வளர்ந்ததும் அஸர் என்பது முன்னவர் கணக்கு. இருமடங்கு வேண்டும் என்பது பின்னவர் கணக்கு. ஆகவே ஊரில் பழகிய நேரத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பவருக்கு இங்கே பாங்கு பிந்தியே கேட்கும். இவ்வளவு நுண்ணிய செய்தியைச் சிறுகதையில் எதிர்பார்ப்பது பொருந்தாது. ஆனால் 'ஈத்கா' ஒன்றையே படித்து, தொழுகை என்றால் ஆயிரம் பேர் வெள்ளுடையில் குனிவது என்று எண்ணிவிடும் பிள்ளைக்கு இதனை எடுத்துரைக்க வேண்டியவர் நாமே. நமக்குப் பெருநாள் என்பது அலுவலகச் சுற்றறிக்கையில், பிறை தெரிவதைப் பொறுத்து மாறக்கூடிய விடுமுறையாகவே பெரும்பாலும் அறிமுகமாகியிருக்கிறது.

வரிசையில் அனைவரும் சமம் என்பது உண்மைதான். வரிசை கலைந்த பிறகு? இக்கேள்வியைத் தமிழில் துணிந்து கேட்டவர் தோப்பில் முகமது மீரான். 1988-இல் வெளிவந்த 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் பள்ளிவாசலும் ஊரும் வடக்கு வீட்டு முதலாளியின் பிடியில் இருக்கின்றன. அதே பள்ளியில் தொழும் சுறாப்பீலி வணிகர் ஒருவர் அவரை எதிர்த்து நிற்கிறார். மீரான் உள்ளிருந்து எழுதியவராதலால் சமயக் கடமை வேறு, சமயத்தின் பெயரால் நடக்கும் ஆட்சி வேறு என்று பிரித்துக் காட்ட அவரால் இயன்றது. பிரேம்சந்தும் இதனை அறியாதவரல்லர். கதைத் தொடக்கத்திலேயே, அன்று விடிந்ததும் தந்தையர் சௌத்ரி காயம் அலியின் வீட்டுக்குப் பதறி ஓடுவதைச் சொல்லிவிடுகிறார். அவர் கண் திறந்து கடன் கொடாவிடில் பெருநாள் துக்கநாள் ஆகிவிடும். காலையில் அவர் வாயிலில் காத்துநின்றவர்களே சற்று நேரத்தில் திடலில் தோளோடு தோள் நிற்கின்றனர். இவ்விரண்டையும் பிரேம்சந்த் பொருத்திக் காட்டாமல் விட்டது பெருங்குறையன்று. நாம் பொருத்திப் பார்க்காமல் திடலை மட்டும் புகழ்ந்து வருவதே குறை.

சொற்களைப் பற்றியும் இங்கே கூறவேண்டும். இந்தியில் ஏகாதசிக்கு இருப்பது 'விரதம்', ரமலானில் இருப்பது 'ரோஜா'. சொல்லே இரு வீடுகளுக்கும் நடுவே சுவரெழுப்பிவிடுகிறது. (ரோஜா என்றதும் பூவை எண்ணிக்கொண்ட தமிழ்க் குழந்தையின் கதை நம் வீடுகளில் புதிதன்று.) தமிழிலோ காரடையான் நோன்பும் நோன்புதான், பாவை நோன்பும் நோன்புதான், ரமலான் நோன்பும் நோன்புதான். தொழுகை நம் 'தொழு' என்னும் வினையிற் பிறந்தது. சமண பௌத்த முனிவர் உறைவிடத்தைச் சுட்டிய பழஞ்சொல்லாகிய 'பள்ளி'யோடு வாசலைச் சேர்த்துப் பள்ளிவாசல் என்றனர். 1572-இல் மதுரையில் அரங்கேறிய 'ஆயிர மசலா' முதல் உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஈறாக, அரபுச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் அருகருகே வைத்துப் பாடிய புலவர் மரபு ஒன்று இதற்குப் பின்னே நிற்கிறது. இன்று டில்லியில் வளரும் தமிழ் முசுலிம் பிள்ளைகள் வீட்டிலேயே நமாஸ், ரோஜா, அஸான் என்று பேசத் தொடங்கிவிட்டனர். வகுப்புத் தோழர் மொழி அது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எனினும் நோன்பும் தொழுகையும் பாங்கும் நோன்புக் கஞ்சியும் அவர்கள் நாவிலிருந்து போய்விட்டால் இழப்பு அவர்களுக்கு மட்டுமன்று. காரடையான் நோன்புக்கும் பக்கத்தில் நின்ற ஒரு துணை போய்விடும். 'ஈத்கா'வை வீட்டில் தமிழில் சொல்லும்போது இச்சொற்களைக் கொண்டே சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இனிக் கதையின் உயிர்நிலைக்கு வருவோம். நோன்புப் பெருநாளன்று நோன்பிருத்தல் தடை செய்யப்பட்டது. முப்பது நாளும் பகலில் உண்ணாதிருந்தது எவ்வாறு கடமையோ, அவ்வாறே அன்று உண்ணுவதும் கட்டளை. திடலுக்குப் புறப்படுமுன் பேரீச்சம்பழமேனும் சிறிது உண்டு செல்வது நபிவழி. ஹாமித் உண்டானா? வீட்டில் தானியம் இல்லை என்கிறது கதை. கால்களில் செருப்பின்றி ஆறு மைல் நடந்தான். மிட்டாய்க் கடையில் தோழர்கள் தின்று காட்டிப் பரிகசித்தனர். ஒரு பைசாவுக்கு இருபத்தைந்து சுற்றுச் சுற்றும் இராட்டினத்திலும் அவன் ஏறவில்லை. திரும்பும் வழியில் மஹ்மூத் பகிர்ந்த வாழைப்பழம் ஒன்றே வயிற்றில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் அமீனா மார்பிலடித்துக்கொண்டு சொல்வதும் இதுவே: நண்பகல் ஆயிற்று, தின்னாமல் குடியாமல் வந்து நிற்கிறானே! கதைத் தொடக்கத்தில் சிறுவன் ஒருவன் நண்பகல்வரை வைத்த விளையாட்டு நோன்பை நினைவில் கொள்ளுங்கள். நோன்பே கூடாத நாளில், நண்பகல்வரை, ஹாமித் பசித்திருக்கிறான். பிரேம்சந்த் இதனை எண்ணியே அமைத்தாரா என்று வினவுவதில் பயனில்லை. கதையில் அது இருக்கிறது.

அதனை நோன்பு என்று சொல்லலாமா? சட்டம் இசையாது. நோன்புக்கு முதற்கண் வேண்டுவது நிய்யத், மனத்தின் உறுதிக்கோள். அஃதில்லாத பட்டினி வெறும் பட்டினியே. ஹாமிதுக்கும் ஓர் உறுதிக்கோள் இருந்தது. ஆனால் அது இரும்புக் கடையின் முன் நிற்கும்போதுதான் பிறந்தது. கடைக்காரன் ஆறு பைசா என்றான், ஐந்து என்றான், முடிவில் மூன்றுக்குக் கொடுத்தான். அதுவரை அவன் பசித்திருந்தது கையில் காசு குறைவு என்பதனால். அதன்பின் பசித்திருந்தது வேறொன்றனால். இந்தத் திருப்பத்தைப் பிரேம்சந்த் சொல்லி முடித்துவிட்டு, இடுக்கி பெரிதா பொம்மை பெரிதா என்று சிறுவர் இடும் வழக்கைப் பக்கம் பக்கமாக நீட்டுகிறார். சிரிப்பு வருகிறது, ஐயமில்லை. ஆனால் பாதி போதும்.

இறுதியில் அமீனா முந்தானையை ஏந்தி அழுதுகொண்டே பேரனுக்காக இறைவனை வேண்டுகிறாள். கிழவி சிறுமியாகவும் சிறுவன் கிழவனாகவும் மாறிய அழகைத் திறனாய்வாளர் பலரும் பேசியுள்ளனர். நாம் பார்ப்பது அந்த ஏந்திய முந்தானையை. கதை முழுவதிலும் அமீனா இறைவன்முன் நிற்பதை நாம் காணும் இடம் இது ஒன்றே. ஹாமிதைத் தூக்கித் தூக்கி உடன் செல்லலாம் என்று காலையில் நினைத்தவள், சேமியா யார் காய்ச்சுவது என்று நின்றுவிட்டாள். முப்பது நாள் விடியுமுன் எழுந்தாளா, நோன்போடுதான் அந்த எட்டணாத் துணியைத் தைத்தாளா என்று கதை சொல்வதில்லை. முதுமையால் இயலாதவர்க்கு நோன்பில் சலுகை உண்டு. அவள் அதனைப் பெற்றாளா என்பதும் தெரியவில்லை. பெண்ணின் உள்வீட்டை அவள் மொழியிலேயே காணத் தமிழ் வாசகர் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004-இல் வரும்வரை காத்திருக்கவேண்டியிருந்தது. 1933-இல் பிரேம்சந்த் வாசலோடு நின்றது வியப்பன்று.

ஒன்று மட்டும் நமக்கு உறுத்துகிறது. அமீனா கண்ணீரோடு வேண்டிக்கொண்டிருக்கும் அவ்வேளையில் சலவைக்காரியும் வளையல்காரியும் வாசலுக்கு வந்துகொண்டிருக்கவேண்டும். காலையில் அவ்வளவு அக்கறையோடு எண்ணிக் காட்டிய அந்த நால்வரையும், சுருக்குப்பையில் இருந்த ஒன்றேகாலணாவையும், கதை முடிவில் ஆசிரியர் அடியோடு மறந்துவிட்டார்.