ஜிஎஸ்எம் கேட்கிறோம், ஸ்விட்ச் கேட்பதில்லை

திருப்பூர் முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் துணி வாங்குகிறவர்கள் நூல் கவுண்ட் என்ன, ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) எவ்வளவு, துவைத்தால் எத்தனை சதவீதம் சுருங்கும் என்று கேட்ட பிறகுதான் விலைக்கு வருவார்கள். அதே கம்பெனி ஆபீசில் டெலிவரி சலானும் ஜாப் ஒர்க் பில்லும் நாள் முழுக்க அடிக்கிற அக்கவுண்ட்ஸ் பெண்ணுக்கு வாய்ப்பது, பெரும்பாலும் கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த கீபோர்டு. இப்போது சிலர் மெக்கானிக்கல் கீபோர்டுக்கு மாறுகிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் கையில் இருக்கிற காசுக்கு ஏதாவது ஒன்று என்று வாங்கும் வழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. இந்தப் பொருளில் பட்ஜெட் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

சாதாரண கீபோர்டில் எல்லா எழுத்துக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு. ஓரிடம் நைந்தால் மொத்தமும் போச்சு. மெக்கானிக்கலில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி ஸ்விட்ச், தனி ஸ்பிரிங். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த எம்எக்ஸ் ஸ்விட்ச்தான் இன்றைய வகைகளுக்கு மூலம். அதன் காப்புரிமை முடிந்ததை ஒட்டி கேட்டெரான், கெய்ல், அவுட்டெமு என்று சீனத் தயாரிப்புகள் பெருகின, விலையும் இறங்கியது. நீல ஸ்விட்ச் ‘டக் டக்’ என்று சத்தம் போடும். பழுப்பு, சத்தமில்லாமல் விரலுக்கு மட்டும் சிறு தடையை உணர்த்தும். சிவப்பு எந்தத் தடையும் இல்லாமல் நேராக இறங்கும்.

விலை கூடினாலும் மெக்கானிக்கல் லாபம் என்பதற்குச் சொல்லப்படும் முதல் காரணம் ஆயுள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பில் போடுகிறவர் எண்டர் கீயை ஒரு நாளைக்கு 5,000 முறை அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். 300 வேலை நாளில் 15 லட்சம். ரப்பர் கீபோர்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள் 50 லட்சம் முதல் ஒரு கோடி அழுத்தம். அப்படியானால் மூன்று முதல் ஆறு வருடம். மெக்கானிக்கல் ஸ்விட்சுக்கு 5 கோடி என்கிறார்கள். முப்பது வருடம் தாண்டும். காகிதத்தில் இது சரி. ஆனால் அந்த எண்ணிக்கை பஞ்சு பறக்காத இடத்தில் எடுத்தது.

நம் ஊர்க் கதை வேறு. கட்டிங் பகுதியை ஒட்டிய ஆபீசில், ஆறு மாதம் ஓடிய கீபோர்டின் ஒரு கீ மூடியைப் பிடுங்கிப் பாருங்கள். ஸ்விட்சைச் சுற்றிப் பஞ்சு திரண்டிருக்கும். அதில் சாக்பீஸ் தூள், தலைமுடி, காய்ந்த டீ. இங்கே ஸ்விட்ச் அழுத்தி அழுத்தித் தேய்ந்து சாவதைவிட அழுக்கு ஏறிச் சாவதுதான் அதிகம். ஒரு எழுத்து இரண்டு முறை விழும், அல்லது விழவே விழாது. ஜீரோ இரண்டு விழுந்த பில் என்ன பாடு படுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இந்தப் பகுதிக்கு நான் முதலிடம் கொடுப்பது, சால்டரிங் இல்லாமல் கழற்றி மாட்டக்கூடிய ஸ்விட்சுகளுக்குத்தான். ஹாட் ஸ்வாப் என்று பெட்டியில் போட்டிருக்கும். கெட்டது ஒன்று என்றால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். ஊசி உடைந்தால் ஓவர்லாக் மெஷினையே மாற்றுகிறோமா?

தமிழ்நாட்டுக்கு மெக்கானிக்கல் புதிதும் அல்ல. சென்னையின் டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் விற்ற ‘கோல்டு’ கீபோர்டு, மெக்கானிக்கல் என்ற சொல் இங்கே பரவுவதற்கு முன்பே பில் கவுண்டர்களில் உழைத்தது. செர்ரியின் நீல ஸ்விட்சோடு வந்தது. பிறகு ‘கோல்டு பாரத்’ என்று ரூபாய்க் குறியோடும் வந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் தேர்வு முடித்துவிட்டு வேலைக்கு வந்தவர்களுக்கு அந்தச் சத்தமும் அழுத்தமும் கைக்குப் பழகியவை. எண்களுக்குத் தனிப் பகுதி கொண்ட முழு அளவுக் கீபோர்டு என்பது அதன் பெரிய பலம். டேலி கணக்கு மென்பொருளில் வேலை செய்கிறவருக்கு அந்த எண் பகுதி இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி. இன்று விளம்பரத்தில் அழகாகத் தெரியும் சின்னக் கீபோர்டுகளில் முதலில் வெட்டப்படுவது அந்தப் பகுதிதான்.

அதே நீல ஸ்விட்சை மெர்ச்சண்டைசர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஹாலுக்குக் கொண்டுபோனால் கேடு. ஒருவர் வெளிநாட்டு பையரோடு போனில் பேச, பக்கத்தில் நான்கு பேர் தட்டினால் எதுவும் காதில் விழாது. அங்கே பழுப்போ சிவப்போதான் பொருந்தும். ஊருக்கெல்லாம் ஒரே மாடல் என்று மொத்தமாக ஆர்டர் போடுவதில் உள்ள குறை இதுதான்.

இனி விலை. 1,500 ரூபாய்க்குக் கீழே ‘மெக்கானிக்கல் ஃபீல்’ என்று அச்சிட்டு விற்பவற்றில் பல வெறும் ரப்பர் கீபோர்டுகள். வண்ண விளக்குக்குத்தான் காசு. அந்தப் பணத்துக்கு நல்ல கம்பெனியின் சாதாரணக் கீபோர்டே மேல். 2,500 முதல் 4,000 வரை ஆபீஸ் வேலைக்குப் போதுமானது கிடைத்துவிடுகிறது. பத்தாயிரத்தைத் தொடும் அலுமினிய உடல், ஒலியடக்கும் பஞ்சணை எல்லாம் தட்டும் சுகத்தைக் கூட்டும். பில் போடும் வேகத்தைக் கூட்டாது. எழுதியே பிழைப்பவர் தன் காசில் அதை வாங்கினால் அது அவர் உரிமை, அதில் தவறு காண மாட்டேன்.

மெக்கானிக்கல் மாட்டினால் மணிக்கட்டு வலி போகும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். இவை பெரும்பாலும் உயரமானவை. மேசையும் நாற்காலியும் சரியில்லாவிட்டால் மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்து, வலி கூடவும் செய்யும்.

கம்பெனி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கீபோர்டு வாங்கக் கடைக்குப் போகும்போது அதில் அடிக்கப்போகிறவரையும் அழைத்துப் போங்கள். அவர் தட்டிப் பார்த்துச் சொல்லட்டும். அதற்குப் பிறகு விலை பேசுங்கள்.