முறையியலும் நெறிமுறையும்

சென்னையில் ஒரு கருத்தரங்கு. தேநீர் இடைவேளையில், யாழ்ப்பாணத்திலிருந்து போயிருந்த சமூகவியல் விரிவுரையாளர் ஒருவரிடம் உள்ளூர்ப் பேராசிரியர் கேட்டார்: “உங்க ஊர்ல பிஎச்.டி.க்கு கோர்ஸ் வொர்க்கே கிடையாதாமே மேடம்? அப்ப மெத்தடாலஜி யாரு சொல்லித் தருவாங்க?” கேட்டவர் மனதில் வஞ்சம் இல்லை. ஆனால் பக்கத்தில் நின்ற இரண்டொருவர் சிரித்தார்கள். பலாலியில் விமானம் இறங்கிய பிறகும் அந்தச் சிரிப்பு விரிவுரையாளரை விடவில்லை.

கேள்வி ஒரு வரிதான். பதில் கொஞ்சம் நீளம்.

இந்தியாவின் ஏற்பாட்டை முதலில் மதிப்போடு சொல்லிவிட வேண்டும். அங்கே பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் கொண்டுவந்த விதிகள், பதிவுசெய்த எந்த ஆய்வாளரும் பாடவேலை முடிக்காமல் ஆய்வேட்டுக்குப் போக முடியாது என்று ஆக்கின. 2022 நவம்பரில் வந்த புதிய விதிகளின்படி குறைந்தது 12 மதிப்புப் புள்ளிகள் எடுத்தாக வேண்டும். ஆய்வு, வெளியீட்டு அறம் பற்றி 30 மணி நேரப் பாடம் ஒன்று கட்டாயம். 1969இல் தொடங்கிய இந்திய சமூக அறிவியல் ஆய்வு மன்றம் நாடெங்கும் பத்து நாள் முறையியல் வகுப்புகளுக்குப் பணம் கொடுக்கிறது. ஏற்கப்பட்ட ஆய்வேடுகளைச் ‘சோத்கங்கா’ என்ற இணையக் களஞ்சியத்தில் எவரும் திறந்து வாசிக்கலாம். யாழ்ப்பாணத்து ஆய்வு மாணவர்களும் அதைத் திறந்துதான் முந்தைய ஆய்வுகளைத் தேடுகிறார்கள். இந்த நன்றியை மறைப்பதற்கில்லை.

சொற்கள்தான் முதலில் வேறுபடுகின்றன. தமிழ்நாட்டில் முனைவர், இலங்கையில் கலாநிதி. அங்கே நெறியாளர், பேச்சில் ‘கைடு’, இங்கே மேற்பார்வையாளர். அங்கே புள்ளியியல், இங்கே புள்ளிவிபரவியல். அங்கே வினாநிரல், இங்கே வினாக்கொத்து. அவர்கள் ஆராய்ச்சி நெறிமுறைகள் என்பதை இவர்கள் ஆய்வு முறையியல் என்கிறார்கள். நெறிமுறை என்னும்போது யாரோ வகுத்துவைத்த பாதையில் நடப்பது போல ஒரு தொனி வருகிறது. முறையியல் என்னும்போது, ஏன் இந்த வழி என்று கேட்கும் இயல் ஒன்று உண்டு என்று ஆகிறது. எம்.ஃபில். பட்டத்துக்கு அங்கே இருந்த பெயர் ஆய்வியல் நிறைஞர், இங்கே முதுதத்துவமாணி. ‘மாணி’ என்றால் மாணவன். பட்டம் பெற்ற பின்னும் பெயருக்குள் மாணவனை வைத்திருக்கும் இந்தச் சொல் அழகானது.

2022 விதிகளோடு இந்தியாவில் எம்.ஃபில். முடிவுக்கு வந்தது. இலங்கையில் அது உயிரோடு இருக்கிறது. 2012இல் வெளியான இலங்கைத் தகைமைச் சட்டகம் அதை 11ஆம் மட்டத்திலும் கலாநிதிப் பட்டத்தை 12ஆம் மட்டத்திலும் வைக்கிறது. முதுதத்துவமாணிக்குப் பதிந்து, களத்துக்குப் போய், தரவைக் காட்டி, அங்கிருந்து கலாநிதிக்குத் தரமுயர்வது இங்கே பழகிய வழி. ஆகவே ‘கோர்ஸ் வொர்க் இல்லை’ என்பது பாதி உண்மைதான். வகுப்பறையில் ஒரு பருவம் இருப்பதற்குப் பதிலாக, மேற்பார்வையாளரின் மேசைக்கும் கிராமத்துக்கும் இடையில் ஓரிரண்டு வருடம் அலைகிறார்கள்.

அந்த அலைச்சலில் என்ன கற்கிறார்கள்? மாதிரியெடுப்பை எடுத்துக்கொள்வோம். எந்தப் பாடநூலும் ‘முழுத்தொகையின் பட்டியலைப் பெறுக’ என்றுதான் தொடங்கும். வடக்கில் அந்தப் பட்டியலே இருக்கவில்லை. 1981இல் குடிசன மதிப்பீடு நடந்தது. 1991இல் நடக்கவே இல்லை. 2001இல் 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே முழுமையாக முடிந்தது. யாழ்ப்பாணம் அதில் இல்லை. அடுத்த முழுமையான கணக்கு 2012இல். இடைப்பட்ட 31 வருடங்களில் 1995 ஒக்டோபர் 30 என்ற நாளும் இருக்கிறது. போரின் நடுவே, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி ஒரே இரவில் வீதிக்கு வந்த நாள். ஊரே இடம்பெயர்ந்த பிறகு எந்தப் பட்டியலிலிருந்து எழுமாற்றாக வீடு தெரிவது? கிராம அலுவலரின் குடும்பப் பதிவு, நிவாரண அட்டை, வாக்காளர் இடாப்பு, கோயில் உபயகாரர் பெயர்கள் என்று ஒன்றோடொன்றை ஒப்பிட்டு, விடுபட்ட வீடுகளைக் கால்நடையாகத் தேடித்தான் ஒரு சட்டகத்தை உண்டாக்க முடியும். மாதிரியெடுப்பின் கோட்பாடு முழுவதும் அந்த வேலைக்குள் இருக்கிறது. இந்தியாவில் 2021இல் வரவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனபின், 2011ஆம் ஆண்டுப் பட்டியலை வைத்துத் தடுமாறும் ஆய்வாளர்களுக்கு இந்த அனுபவம் இன்று நேரடியாக உதவும்.

இது போர் கற்பித்தது மட்டுமல்ல, அதற்கு முன்பே வேர் உண்டு. 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1950களில் கண்டிக்கு அருகே பாத்ததும்பறைக் கிராமங்களில் செய்த சமூக, பொருளாதார அளவீட்டை என். கே. சர்க்காரும் எஸ். ஜே. தம்பையாவும் 1957இல் நூலாக்கினார்கள். அதற்கு முந்திய வருடம், 1956 ஜூனில், தம்பையா மாணவர்களோடு கல்லோயாவில் கள ஆய்வில் இருந்தபோது இனக்கலவரம் மூண்டது. சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் சேர்ந்த குழு அது. களம் என்பது ஆய்வாளரையும் உள்ளே இழுக்கும் இடம் என்பதை அந்த மாணவர்கள் எந்தக் கரும்பலகையிலும் படிக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கும் இதே போன்ற மரபு, இன்னும் பழையது, உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி ஆகிய ஊர்கள் அப்படித்தான் ஆய்வுலகுக்கு அறிமுகமாயின. 1936–37இல் தாமஸும் ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டரின் கிராமங்களுக்குத் திரும்பிப் போனார்கள். 1980களில் குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டைப் பற்றி மறுபடி எழுதினார்கள். ஒரே ஊரைத் தலைமுறை தலைமுறையாகப் பார்க்கும் இந்தத் தொடர்ச்சி யாழ்ப்பாணத்துக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் சென்னைத் தேநீர் மேசையில் எவரும் ஸ்லேட்டரைப் பற்றிப் பேசவில்லை. மதிப்புப் புள்ளிகளைப் பற்றித்தான் பேசினார்கள்.

நேர்காணலில்தான் இங்குள்ள பயிற்சி மிக உயர்ந்து நிற்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு முன் சொன்னார்கள், 2013இல் அமைந்த பரணகம ஆணைக்குழு முன் சொன்னார்கள், தொண்டு நிறுவனங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் சொன்னார்கள். அதே வாசலில் வினாக்கொத்தோடு போய் நிற்கும் ஆய்வு மாணவிக்கு என்ன சொல்லி அனுப்புவது? அந்த விரிவுரையாளர் தம் மாணவிக்குச் சொல்வது இது: “முதல் நாள் கொப்பி கொண்டு போகாதையும். தேத்தண்ணி தந்தால் குடியும். கேள்வியளைப் பிறகு பாப்பம். அவ அழத் துவங்கினால் பேனையை மூடி வையும்.” 30 மணி நேர அறப் பாடத்தில் கருத்துத் திருட்டும் ஆய்விதழ் மோசடியும் நன்றாக விளக்கப்படுகின்றன, அவை தேவையும்கூட. ஆனால் பேனையை எப்போது மூடுவது என்பது முறையியலின் மையம். அதை இந்த ஊர்த் துறைகள் தெரிந்து வைத்திருக்கின்றன.

மொழியிலும் ஒரு பெருமை உண்டு. யாழ்ப்பாணத்துக் கலைப்பீட மாணவர் சமூகவியலையும் புவியியலையும் தமிழிலேயே படித்து, மாறி, கருதுகோள், நியமவிலகல் என்று தமிழிலேயே வாதாடப் பழகியவர். தமிழ்நாட்டில் சமூக அறிவியல் ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. உழவர் தமிழில் சொன்னது ஆங்கிலத்துக்குப் போகும் வழியில் என்ன இழந்தது என்று அங்கே எத்தனை பேர் கேட்கிறார்கள்?

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து விரிவுரையாளர் கொண்டுவந்த பையில் அச்சிட்ட பாடக் கையேடு ஒன்று இருந்தது. எந்த ஊர் மாணவரும் அதை எடுத்துப் படிக்கலாம். யாழ்ப்பாணத்து அறிவு அப்படி இல்லை. நல்ல மேற்பார்வையாளர் கிடைத்த மாணவருக்கு அது கிடைக்கிறது; கிடைக்காதவருக்கு இல்லை. ஓய்வுபெற்று வீட்டிலிருப்பவர்களோடு அது வெளியே போகிறது. புள்ளிவிபரவியலில் இந்த மாணவர்கள் பலர் தடுமாறுவதும் உண்மை.

இலங்கையில் 14,000க்கு மேற்பட்ட கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன. பட்டியல் இல்லாத காலத்தில் அவற்றுக்குள் எப்படி மாதிரி எடுத்தார்கள், எந்த வாசலில் எந்தக் கேள்வியைக் கேட்காமல் திரும்பினார்கள் என்பது பழைய களக் கொப்பிகளில் கிடக்கிறது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஒலுவில், பேராதனை ஆகிய இடங்களில் பணியாற்றியவர்களும் பணியாற்றுகிறவர்களும் அந்தக் கொப்பிகளை அலுமாரியிலிருந்து எடுத்து, சேர்ந்திருந்து, தமிழில் ஒரு கள முறையியல் நூலாகக் கொண்டுவர வேண்டும். அடுத்த முறை சென்னைக்குப் போகிறவர் அதைக் கையில் கொண்டுபோகட்டும்.