கொங்குக் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடுங்கள்

முகூர்த்தத்தன்று காலையில் கோவை விமான நிலையத்தில் இறங்கி நேராக மண்டபத்துக்கு ஓடி வருகிறவர், தாலி கட்டுவதைப் பார்த்துவிடுவார். கல்யாணத்தைப் பார்த்திருக்க மாட்டார். கொங்கு நாட்டில் முகூர்த்தம் பெரும்பாலும் விடிகாலையில். சீர்கள் என்று இங்கே சொல்லும் சடங்குகளோ முதல் நாள் பொழுது சாயும்போதே தொடங்கிவிடும். ரசிக்க வேண்டியவற்றில் பாதி அந்த இரவில்தான் நடக்கிறது.

இப்போது இந்தப் பக்கத்துக் கல்யாணங்களுக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். பிள்ளைகள் படிக்கவும் வேலைக்கும் போன ஊரிலேயே துணையைத் தேடிக்கொள்கிறார்கள். மாப்பிள்ளை ஜெர்மனிக்காரர், பெண் காங்கயத்துக்காரி. அல்லது திருப்பூரைப் போலவே பின்னலாடையில் பேர்போன லூதியானாவிலிருந்து ஒரு சம்பந்தம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ரிசார்ட் எடுத்து, மூன்று நாள் ஏற்பாடு. அழைக்கிற வீட்டார் அனுப்பும் வாட்ஸ்அப் குறிப்பில் ஓட்டல் பெயர், டிரைவர் நம்பர், எந்த வேளைக்கு என்ன நிறத்தில் உடுத்துவது என்பதெல்லாம் இருக்கும். எதைப் பார்ப்பது என்பது மட்டும் இருக்காது. நான் அந்தக் குறிப்பில் ஒரு வரி சேர்ப்பேன்: மணமக்களைவிட, அவர்களைச் சுற்றி நின்று காரியம் செய்பவர்களைப் பாருங்கள்.

கோவையில் ஒரே மாதிரிக் கல்யாணம் கிடையாது. தெலுங்கு பேசும் நாயுடு வீட்டில் ஒரு முறை, கன்னடம் பேசும் தேவாங்கர் வீட்டில் வேறு முறை. இங்கே நான் சொல்வது கொங்கு வேளாளர் வீட்டுச் சீர்களை. அவற்றின் தனித்தன்மை, ஒவ்வொரு சீருக்கும் அதைச் செய்ய உரிமையுள்ள ஒருவர் இருப்பது. வழிநடத்துகிறவர் அருமைக்காரர். பிறப்பால் வந்த புரோகிதர் அல்ல, அதற்கென்றே உள்ள சீரைச் செய்து அந்தத் தகுதியைப் பெற்ற குடும்பஸ்தர், ஊர்ப் பெரியவர். பல மண்டபங்களில் இப்போது ஐயரும் அருமைக்காரரும் ஒரே மேடையில் இருக்கிறார்கள். போட்டோக்காரரின் வெளிச்சம் ஐயர் மேல் விழும். நீங்கள் வேட்டியும் துண்டுமாக ஓரத்தில் நிற்கும் அந்தப் பெரியவரின் கையைக் கவனியுங்கள்.

முதலில் காத்திருந்து பார்க்க வேண்டியது இணைச்சீர். மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ மேடைக்கு வருவார். உடன்பிறந்தவள் இல்லையென்றால் அந்த முறையில் உள்ள பெண் வருவார். மணப்பெண்ணுக்கு உரிய கூறைச்சேலையைக் கொண்டு அண்ணனையும் தங்கையையும் இணைத்து நிறுத்திச் செய்கிற சீர் இது. கல்யாணப் பெண் அப்போது மேடையிலேயே இருக்கமாட்டார். புது உறவு வருவதற்கு முன்னால், பழைய உறவு அறுந்துபோகாது என்று ஊர் முன்னிலையில் உறுதி கொடுக்கிறார்கள். நாளைக்கு உன் பிள்ளைக்கும் என் பிள்ளைக்கும் சம்பந்தம் உண்டு என்கிற பழைய வாக்கும் இதற்குள் இருக்கிறது. சொந்தத்துக்குள் கல்யாணம் குறைந்துவிட்டதால் அந்த வாக்கை இன்று யாரும் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. ஆனால் அந்த நேரத்தில் தங்கையின் முகத்தைப் பாருங்கள். அதிகம் பேசாத அண்ணன்களின் கண்ணும் அங்கே கலங்கும். வெளிநாட்டு மாப்பிள்ளையாக இருந்தால், அவர் அக்காவிடம் இதை முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். என்ன செய்கிறோம் என்று தெரிந்து நிற்கும்போதுதான் அந்தச் சீர் அவருக்கும் சொந்தமாகும்.

அடுத்தது மங்கல வாழ்த்து. என்னைக் கேட்டால், இது ஒன்றுக்காகவே பயணச்சீட்டு வாங்கலாம். தாலி கட்டி முடிந்து மணமக்கள் கைகோத்திருக்க, குடிமகன் எழுந்து பாடுவார். நாவிதர் சமூகத்தைச் சேர்ந்தவரை இங்கே அப்படித்தான் அழைப்பது வழக்கம். இந்தப் பாட்டைக் கம்பர் இயற்றியதாகக் கொங்கு மரபு சொல்கிறது. பாட்டின் பொருள் வேறொன்றுமில்லை, கல்யாணமேதான். பெண் பேசியது, பந்தல் போட்டது, உறவுகள் திரண்டு வந்தது, சீர் செய்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். ஒவ்வொரு அடி முடியும்போதும் மேளத்தில் ஒரு தட்டு. அந்தத் தட்டுக்குக் காதைப் பழக்கிக்கொண்டால், தமிழ் தெரியாதவருக்கும் பாட்டின் நடை பிடிபட்டுவிடும்.

வருத்தம் என்னவென்றால், பல மண்டபங்களில் இந்தப் பாட்டு சத்தத்துக்குள் மூழ்கிப்போகிறது. கூட்டம் பந்திக்கு எழுந்துவிடும், கேமராக்காரர் மணமக்களைத் திரும்பச் சொல்வார், பாடுகிறவரும் பாதியில் சுருக்கிக்கொள்வார். அழைக்கிற வீட்டார் மூன்று காரியம் செய்யலாம். அவருக்கு நல்ல மைக் கொடுங்கள். அந்தப் பதினைந்து நிமிடம் யாரையும் மேடையேற்றாதீர்கள். பாட்டின் பொருளை விருந்தினரின் மொழியில் ஒரு பக்கத்துக்கு எழுதி முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். விருந்தினர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: பாடி முடித்தவரிடம் போய்க் கும்பிட்டு நன்றி சொல்லுங்கள். ஊரின் கல்யாணப் பாட்டைத் தலைமுறை தலைமுறையாக நெஞ்சில் சுமந்தவர்களை, மற்ற நாட்களில் ஊர் திண்ணைக்கு வெளியேதான் நிறுத்தி வைத்திருந்தது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஹாம்பர்க்கிலிருந்து வரும் மருமகனுக்கு ஆரத்தி எடுக்கிற இதே மண்ணில்தான், 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே, வேறு சாதிப் பெண்ணை மணந்ததற்காகச் சங்கர் என்ற இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். கடல் தாண்டி வரும் உறவைவிடப் பக்கத்துத் தெருவிலிருந்து வரும் உறவுதான் இங்கே கடினம். ஆகவே பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் “நீங்க என்ன கூட்டம்?” என்று குலத்தைக் கேட்கிற பழக்கத்தை, வெளியூர்க்காரர்கள் வந்திருக்கும் கல்யாணத்திலாவது விட்டுவிடலாம். “எந்த ஊருங்க?” போதும், பேச்சு வளர்ந்துவிடும்.

புரியாததைக் கேட்க விருந்தினர் கூச்சப்பட வேண்டாம். 1960களில் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, இந்தச் சீர்களை விசாரித்து விசாரித்துத்தான் எழுதினார். அவருடைய நூல் 1972இல் வந்தது. நமக்கும் அதே வழிதான். பக்கத்தில் இருக்கிற அப்பத்தாவிடமோ அம்மிச்சியிடமோ “இதை யார் செய்யணுமுங்க?” என்று கேட்டால், அடுத்த அரை மணி நேரம் உங்களுக்கு வழிகாட்டி கிடைத்துவிட்டார்.

முதல் நாள் மாலை வள்ளி கும்மி வைத்திருந்தால் அறையில் இருக்காதீர்கள். வள்ளி ஒயில் கும்மியை வளர்த்த கோவை மாவட்டத்துப் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆண்கள் மட்டுமே ஆடி வந்த கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். வட்டத்துக்கு வெளியே நின்று நாலு பாட்டுக்குக் காலைக் கவனியுங்கள். யாராவது கையைப் பிடித்து இழுத்தால் உள்ளே போய்விடுங்கள்.

சாப்பாடு சைவம்தான். சந்தகை வந்தால் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து ஒரு முறை, எலுமிச்சை தாளித்தது ஒரு முறை என்று இரண்டையும் கேளுங்கள். ஒப்புட்டை, அதாவது போளியை, ஆறவிடாமல், நெய் ஊற்றிச் சாப்பிடுங்கள். போதுமென்றால் வாயால் சொல்வதோடு கையையும் இலைமேல் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இன்னொன்று விழும். முடித்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள்.

உடைக்குப் பெரிய விதி எதுவும் இல்லை. முழுக் கறுப்பும், பெண்களுக்கு முழு வெள்ளையும் தவிர்த்தால் நல்லது. வாடகைக்கு லெகங்கா எடுப்பதைவிட, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நெகமம் பருத்திச் சேலை ஒன்றை வாங்கலாம். ஊர் வெயிலுக்கும் அதுதான் ஒத்துவரும்.

வாசலில் வீட்டார் ஒவ்வொருவராக உங்களிடம் “வாங்க” என்பார்கள். அத்தனை பேருக்கும் கைகூப்பிப் பதில் சொல்லுங்கள். ஒருவரை விட்டாலும் மனத்தாங்கல் வரும், இங்கே அது சின்ன விஷயமில்லை. மொய் எழுதுமிடத்தில் 501, 1001 என்று ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுத்து, பெயரோடு ஊரையும் தெளிவாகச் சொல்லுங்கள். நாளை உங்கள் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு செய்வது என்று இந்த வீட்டார் அந்த நோட்டைப் புரட்டித்தான் பார்ப்பார்கள். அப்போது அவர்களுக்குப் பத்திரிகை அனுப்ப மறந்துவிடாதீர்கள்.