பட்டை தீட்டாத கல்

இலங்கையின் இரத்தினபுரி வயல்களுக்கு அடியில் ‘இல்லம்’ எனப்படும் சரளைப் படுகை இருக்கிறது. குழி தோண்டி அதை மேலேற்றி, கூடையிலிட்டு நீரில் அரித்தால் நீலக்கல், ஸ்பைனல், கார்னெட், சிர்க்கோன் எல்லாம் கலந்து கிடைக்கும். ஆற்றுநீர் உருட்டி வந்தவை என்பதால் பெரும்பாலானவற்றின் விளிம்புகள் மழுங்கியிருக்கும். இரு நுனியும் கூர்ந்து, அறுகோண வடிவம் குலையாத நீலக்கல் படிகம் மிக அரிது. சேகரிப்பவர் தேடுவது அதைத்தான். கொழும்புக் கடைகளில் பட்டை தீட்டிய கல்லே பெரும்பாலும் கண்ணில் படும். பட்டை தீட்டும்போது எடையில் பாதிக்கு மேலும் போய்விடலாம். பிறந்த வடிவமோ முழுதாகவே போய்விடும். நல்ல படிகம் ஒன்று சாணைக்குப் போவது உண்மையில் பெரிய இழப்பு.

வாங்குமுன் பத்து மடங்கு உருப்பெருக்கியால் முகங்களைப் பார்க்க வேண்டும். இயற்கையான முகத்தில் நுண்ணிய வரிகளும் படிகளும் தெரியும். சாணை பிடித்த முகத்தில் கீறல்கள் ஒரே திசையில் ஓடும். சூடேற்றப்பட்டதா என்றும் கேட்க வேண்டும். 1970களில் தாய்லாந்து வணிகர்கள் இலங்கையின் பால்நிற ‘கெவுட’ கற்களை வாங்கி, சூளையிலிட்டு நீலமாக்கினார்கள். கிடைத்த ஊரைக் குறித்த சீட்டு இல்லாத படிகத்துக்குச் சேகரிப்பில் மதிப்புக் குறைவு.

இலங்கை தந்த அரிய கனிமங்களும் உண்டு. 1904இல் சப்ரகமுவையிலிருந்து தோரியனைட்டை அறியச் செய்தவர் ஆனந்த குமாரசுவாமி. கனமான கருங்கனசதுரங்கள் அவை. 1953இல் எஹெலியகொடையில் கிடைத்த பச்சை ஏகனைட், கண்டெடுத்த ஏகநாயக்கவின் பெயரைத் தாங்குகிறது. அதிலுள்ள தோரியத்தின் கதிர்வீச்சு அதன் படிக அமைப்பையே சிதைத்துவிட்டது. இரண்டுமே கதிர்வீசுபவை என்பதால் அவற்றைப் படுக்கையறையில் வைக்கக்கூடாது.